காவிரிப் படுகையில் அரசும் மக்களும் – 14: புகைக்கு யார் சம்மதம்?

காவிரிப் படுகை மக்களின் அன்றாட வாழ்க்கைக்குள் அரசு நுழைந்த வழிகளை நிலவரி, நீர்ப்பங்கீடு, உப்பு என்ற வரிசையில் தொடர்ந்து வரும்போது அடுத்து எதிர்ப்படுவது புகையிலை. பொது இடத்தில் புகைபிடிப்பதைத் தடுக்கும் சட்டங்கள் இருபத்தோராம் நூற்றாண்டில் திடீரென வந்தவை என்று பொதுவாக எண்ணப்பட்டாலும், தஞ்சைச் சீமையில் அதற்கான முதல் விதி 19ஆம் நூற்றாண்டிலேயே ரயில் பெட்டிக்குள் எழுதப்பட்டுவிட்டது. அவ்விதியிலிருந்து இன்றைய தடை வரையிலான வரலாற்றில் ஒரு முரண் தொடர்ந்து வருகிறது. தனிமனிதர் விருப்பத்தில் அரசு தலையிடலாமா என்ற கேள்வி பலமுறை உரக்க எழுப்பப்பட்டபோதிலும், அதை எழுப்பியவர்களுள் புகைபிடிப்பவர் அரிதாகவே இருந்தார். வணிகரும் நிறுவனங்களும் அரசியல் தலைவர்களுமே அவர் பெயரால் வாதாடினர். நீதிமன்றங்களும் பெரும்பாலும் உரிமை என்ன என்று தீர்ப்பதைவிட, தடுக்கும் அதிகாரம் யாருக்கு என்று தீர்ப்பதிலேயே நின்றன.

இலை வந்த வழி

அமெரிக்கக் கண்டத்துச் செடியான புகையிலை போர்த்துக்கீசியர் வழியாக இந்தியக் கடற்கரைகளை அடைந்தது. வந்த வேகத்திலேயே அது ஆட்சியாளர்களின் சினத்துக்கும் உள்ளானது: இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1604இல் அதைக் கண்டித்துத் தாமே ஒரு நூல் எழுதினார், முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1617இல் புகைபிடிப்பதை விலக்கி ஆணையிட்டார். அப்போது ரகுநாத நாயக்கரின் ஆட்சியில் இருந்த தஞ்சாவூர் முகலாயப் பேரரசுக்கு வெளியே இருந்ததால் அந்த ஆணை இங்கே செல்லுபடியாகவில்லை. முகலாய நாட்டிலேயே அது நீடித்துப் பயன் தரவில்லை.

படுகையில் புகையிலை மூன்று வடிவங்களில் நிலைபெற்றது. முதலாவது, வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு ஆகியவற்றோடு சேர்த்து மெல்லப்படுவது. கும்பகோணம் வட்டாரத்து வெற்றிலைக் கொடிக்கால்களும், வேதாரண்யம் பகுதியின் மணற்பாங்கான நிலங்களில் விளைந்த புகையிலையும் இந்தப் பழக்கத்தைத் தாங்கி நின்றன. இரண்டாவது, திருச்சிராப்பள்ளியின் சுருட்டு. பெரும்பாலும் திண்டுக்கல் பகுதி இலையைக் கொண்டு உறையூர் முதலிய இடங்களில் சுற்றப்பட்ட இச்சுருட்டு கடல் கடந்து புகழ்பெற்றது. 1887இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்றில் துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்தே திருச்சிச் சுருட்டு என்று சொல்லும் அளவுக்கு அது லண்டனில் அறியப்பட்டிருந்தது. மூன்றாவது, பின்னாளில் பரவி ஏழைகளின் கைக்கு எட்டிய பீடி. நடவுப் பெண்கள் கரையேறி வெற்றிலை போடும் நேரமும், ஆண்கள் வரப்பில் குந்தி பீடி பற்றவைக்கும் நேரமும் கூலி வேலையின் நடுவே கிடைத்த ஓய்வாக இருந்தன என்பதை மனத்தில் கொள்ளாமல், இப்பழக்கத்தின் மீது விழுந்த சட்டத்தின் எடையை மதிப்பிட முடியாது. சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலையையே தூது அனுப்பிப் பாடிய 'புகையிலை விடு தூது', உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ. வே. சாமிநாதையரால் பதிப்பிக்கப்பட்டது என்பதும், தமிழ்ப் புலமை உலகம் இந்த இலையைத் தீண்டத்தகாததாகக் கருதவில்லை என்பதற்குச் சான்று.

சாதி விதித்த தடையும் ரயில் விதித்த தடையும்

அரசு தடுப்பதற்கு முன்பே படுகையில் புகைபிடிப்பதற்குத் தடை இருந்தது. அதை விதித்தது சாதி. கீழத்தஞ்சையில் மிராசுதார் எனப்பட்ட நிலவுடைமையாளரின் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு உழைத்த விவசாயத் தொழிலாளிக்குப் பண்ணையாள் என்று பெயர். அவர் மிராசுதார் எதிரே வரும்போது தோள் துண்டை இடுப்புக்கு இறக்க வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும், வாயிலிருக்கும் பீடியை மறைக்கவோ அணைக்கவோ வேண்டும். தவறினால் அது அடங்காமை எனக் கொள்ளப்பட்டது. சவுக்கடியும் சாணிப்பால் புகட்டுதலும் தண்டனைகளாக இருந்த சமூகத்தில் அடங்காமை சிறிய குற்றமன்று. 1940களில் பி. சீனிவாசராவ் முதலியோர் கட்டிய விவசாயிகள் இயக்கமும், 1952இல் ராஜாஜி அரசு பிறப்பித்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் இந்த ஒழுங்கைத் தளர்த்தின. எனவே, பெரிய மனிதர் கண்முன்னே ஒருவர் பீடியை அணைக்காமல் நிற்பது உடல்நலக் கேடாகப் பார்க்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே, சமத்துவத்தின் அடையாளமாகப் பார்க்கப்பட்டது. அரசின் குறுக்கீட்டுக்கு முன்னர் தனிமனித விருப்பம் தடையற்று இருந்ததாக எண்ணிக்கொண்டு தொடங்கும் வாதங்கள் இந்த உண்மையைக் காணத் தவறுகின்றன.

சாதி ஒழுங்கின் எல்லைக்கு வெளியே, முன்பின் அறியாதவர்கள் அருகருகே உட்கார நேர்ந்த முதல் இடங்களுள் ஒன்று ரயில். கிரேட் சதர்ன் ஆப் இந்தியா ரயில்வே நிறுவனம் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861இலும், திருச்சிராப்பள்ளிக்கு 1862இலும் பாதை அமைத்தது. 1890ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டத்தின் 110ஆம் பிரிவு, புகைபிடிப்பதற்கென ஒதுக்கப்பட்ட இடம் தவிர மற்ற இடங்களில், உடன் பயணம் செய்வோரின் சம்மதம் பெறாமல் புகைபிடிப்பவருக்கு 20 ரூபாய் வரை அபராதம் விதித்தது. சொல்லியும் கேளாதவரை ரயில்வே ஊழியர் இறக்கிவிடவும் செய்யலாம். சட்டம் இங்கே புகையைத் தீமை என்று சொல்லவில்லை. அருகிலிருப்பவரிடம் கேள் என்று மட்டுமே சொன்னது. ஏட்டளவிலேனும், கப்பலேறிப் பினாங்குக்குப் போக நாகப்பட்டினம் செல்லும் கூலித் தொழிலாளிக்கும், எதிரே அமர்ந்தவரின் சுருட்டுக்குச் சம்மதம் மறுக்கும் உரிமை இதனால் கிடைத்தது.

இந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 167ஆம் பிரிவில் இதை மாற்றி எழுதியது. உடன் பயணிப்பவர் எவரேனும் ஆட்சேபித்தால் புகைபிடிக்கக் கூடாது. அதோடு, ரயில்வே நிர்வாகம் விரும்பினால் எந்த ரயிலிலும் முழுமையாகத் தடை செய்யலாம். அபராதம் 100 ரூபாய் வரை. மேலோட்டமாக ஒன்றுபோலத் தோன்றும் இவ்விரு விதிகளுக்கும் இடையே ஆழமான வேறுபாடு உண்டு. 1890இல் பக்கத்துப் பயணியின் மௌனம் மறுப்பாகக் கொள்ளப்பட்டது. 1989இல் அதே மௌனம் இசைவாகிவிட்டது. மௌனத்தை எப்படிப் பொருள் கொள்வது என்ற சிக்கலைத் தவிர்க்கும் வழியாகவே, யாரையும் கேட்காமல் நிர்வாகமே தடைசெய்யும் அதிகாரம் அதனுடன் சேர்க்கப்பட்டது எனலாம். பிற்காலச் சட்டங்கள் அனைத்தும் இந்த இரண்டாவது வழியில்தான் சென்றன.

ஒரே சட்டத்தில் உப்பும் புகையிலையும்

புகையிலையில் அரசின் நேரடிக் கை பட்டது உடல்நலத்தின் பொருட்டன்று, வருவாயின் பொருட்டு. வருவாய்க்காக நீளும் அந்தக் கை எவ்வளவு தூரம் எட்டும் என்பதை உப்பு முன்பே காட்டியிருந்தது. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகிகள் வேதாரண்யம் நோக்கி நடந்தபோது, தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியர் தார்ன் அவர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர் தண்டிக்கப்படுவர் என்று எச்சரித்தார். வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு போடுவதையும் அரசு தடுக்கக்கூடும் என்பதைப் படுகை அன்று கண்டது. மக்கள் உணவுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு அந்த ஆணையைக் கடந்தனர்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1943இல், புகையிலை மீது மத்திய அரசு கலால் வரி, அதாவது உள்நாட்டு உற்பத்தியின் மீதான வரி, விதித்தது. அடுத்த ஆண்டு அது மத்திய கலால் மற்றும் உப்புச் சட்டம் என்ற ஒரே சட்டத்தின் கீழ் வந்தது. உப்புக்கும் புகையிலைக்கும் பேர்போன வேதாரண்யத்தின் இரு விளைபொருள்களும் ஒரே சட்டத்தின் தலைப்பில் சேர்ந்து நின்றது தற்செயல்தான் என்றாலும், விவசாயிக்கு அதன் பொருள் தெளிவாகவே இருந்தது. கலாலைப் பொறுத்தவரை, நெல் விளைவித்தவர் அறுத்துக் களத்தில் சேர்ப்பதோடு கடமை முடிந்தது. புகையிலை விளைவித்தவரோ பயிரிட்டதை அறிவிக்க வேண்டும், பதப்படுத்திய இலையைக் கணக்குக் காட்ட வேண்டும், வரி கட்டும்வரை அரசின் உரிமம் பெற்ற பிணையக் கிடங்கில் வைக்க வேண்டும், எடை பார்க்க வரும் கலால் ஆய்வாளருக்குக் காத்திருக்க வேண்டும். உப்பு வரி 1947இல் நீங்கியது. பதப்படுத்தாத இலை மீதான புகையிலை வரியோ 1979 வரை நீடித்தது. அந்த முப்பத்தாறு ஆண்டுகளில் புகையிலை விளைந்த ஊர்களில் எழுந்த எதிர்ப்பு, புகைக்கும் உரிமை பற்றியதன்று. கிடங்குச் சாவி யார் கையில் என்பதைப் பற்றியது.

ராஜாஜியும் பெரியாரும்

தனிமனிதர் பழக்கத்தில் அரசு தலையிடலாமா என்ற கேள்வி கொள்கை வடிவில் தமிழகத்தில் விவாதிக்கப்பட்டது மதுவிலக்கின் வழியாகத்தான். 1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணப் பிரதமர் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது தஞ்சாவூர் உட்பட மாகாணம் முழுவதையும் தழுவியது. கள், சாராயம் ஆகியவற்றின் மீதான ஆயத்தீர்வை குறைந்ததால் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி வந்தபோது, புகையிலை விற்பனைக்கும் தனி வரியும் உரிமமும் விதிக்கப்பட்டன. ஒரு பழக்கத்தை விலக்கிய அரசு அந்த இழப்பின் ஒரு பங்கை இன்னொரு பழக்கத்தின் மீது சுமத்தியது.

1921இல் கள்ளுக்கடை மறியலில் முன்னின்று, தம் தோப்பிலிருந்த தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தவர் பெரியார். அவரே பின்னர் மதுவிலக்கைப் பயனற்றதென்றும், ஒருவர் உண்பதிலும் குடிப்பதிலும் அரசு தலையிடுவதென்றும் கடுமையாக எதிர்த்தார். ராஜாஜியோ, வணிகத்திலும் தொழிலிலும் அரசின் உரிம ஆட்சியை எதிர்த்து 1959இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கிய பிறகும், மதுவிலக்கை மட்டும் கடைசிவரை விடவில்லை. சமூகத்தை மாற்ற அரசின் கையை நாடியவர் குடிப்பவரை விட்டுவிடச் சொன்னார். அரசின் கையைக் கட்டச் சொன்னவர் குடிப்பவரைத் தடுக்கச் சொன்னார். 1971இல், படுகையின் திருக்குவளையில் பிறந்த முதலமைச்சர் மு. கருணாநிதி மதுவிலக்கைத் தளர்த்த முடிவு செய்தபோது, முதுமையிலும் ராஜாஜி அவர் இல்லத்துக்கே சென்று வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். பெரியார் தளர்வை ஆதரித்தார். ஆகஸ்டு 30 அன்று மதுவிலக்கு தளர்ந்தது. 1974இல் மீண்டும் வந்தது. பின்னரும் மாறி மாறி வந்து, 2003 நவம்பரில் அரசின் டாஸ்மாக் நிறுவனமே மதுச் சில்லறை விற்பனையை ஏற்றது.

இந்த விவாதத்துக்கு ஆங்கில மெய்யியலில் ஒரு மூலம் உண்டு. பிறருக்குத் தீங்கு நேராதவரை ஒருவரின் செயலில் அரசு தலையிடக் கூடாது என்னும் கோட்பாட்டை ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட நூலில் வகுத்தார். அமெரிக்காவின் மெய்ன் மாநில மதுவிலக்கை அதில் எடுத்துக்காட்டி எதிர்க்கவும் செய்தார். அதே மில் 1823 முதல் 1858 வரை லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர். இந்தியச் சமஸ்தானங்கள் தொடர்பான கடிதங்களைக் கையாண்டவர். தஞ்சாவூர் மராட்டிய அரசைக் கம்பெனி தன் கீழ் எடுத்துக்கொண்ட 1855லும் அவர் அங்கே பணியில் இருந்தார். சுதந்திரக் கோட்பாட்டை வகுத்தவரும் ஆட்சி இயந்திரத்தின் உள்ளே இருந்தவர்தான்.

மதுவையும் புகையையும் பிரிக்கும் கோடு மில்லின் கோட்பாட்டிலேயே இருக்கிறது. குடிப்பவரின் சாராயம் பக்கத்தில் இருப்பவரின் குடலுக்குள் போவதில்லை. புகைப்பவரின் புகை பக்கத்தில் இருப்பவரின் நுரையீரலுக்குள் போகிறது. மருத்துவர்கள் பிறர் விடும் புகையைச் சுவாசித்தலைத் தனி ஆபத்தாக நிறுவியபோது, தனிமனித விருப்பம் என்ற வாதத்தின் அடித்தளமே புகையைப் பொறுத்தவரை ஆட்டம் கண்டது.

நீதிமன்றத்தில் புகை

1999 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், புகைபிடிக்காத மனுதாரர்களின் வழக்கில், பொது இடத்தில் புகைபிடிப்பது பொதுத் தொல்லை என்ற குற்றத்தின் கீழ் வரும் என்றும், பிறரின் உயிர்வாழும் உரிமையைப் பறிப்பதாகும் என்றும் தீர்ப்பளித்தது. 2001 நவம்பர் 2 அன்று, மும்பை அரசியல் தலைவர் முரளி தேவ்ராவின் மனுவில், உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, கல்வி நிலையம், நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், பேருந்து, ரயில் முதலிய இடங்களில் நாடெங்கும் புகைபிடிப்பதைத் தடுத்தது. தமிழ்நாடு 2002இல் புகைபிடித்தல், எச்சில் துப்புதல் ஆகிய இரண்டையும் பொது இடங்களில் விலக்கித் தனிச் சட்டம் இயற்றியது. புகை விடாமல் மெல்லும் படுகைப் பழக்கத்தையும் சட்டம் இந்த எச்சில் வழியாக எட்டியது.

2003இல் நாடாளுமன்றம் இயற்றிய சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டம் 200 ரூபாய் வரை அபராதம் விதித்தது. பொது இடம் எது என்று விளக்கும்போது இந்தச் சட்டம் திறந்தவெளியைச் சேர்க்கவில்லை. ஆனால் அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது வகுக்கப்பட்டு, 2008 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்த விதிகள், பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டரங்கம் போன்றவை திறந்தவெளி ஆகா என்று விளக்கம் தந்தன; அலுவலகம், திரையரங்கம், தேநீர் விடுதி ஆகியவற்றையும் சேர்த்தன. அதன்படி ஒவ்வொரு வாயிலிலும் 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் எதையும் அங்கே கொடுக்கக் கூடாது. எவரேனும் புகைத்தால் இடத்தின் பொறுப்பாளரும் தண்டம் கட்ட வேண்டும். பெட்டிக்கடைத் தூணில் நாள் முழுதும் கனன்றுகொண்டிருந்த தேங்காய்நார்க் கயிற்றில் பீடி பற்றவைத்துப் பழகிய ஊர்களில், தீ கொடுப்பதும் குற்றமாகலாம் என்பது புதிய செய்தி.

இவ்விதிகளை எதிர்த்து சிகரெட் தயாரிக்கும் ஐடிசி நிறுவனமும் விடுதி உரிமையாளர் தரப்பும் நீதிமன்றம் சென்றன; நடைமுறைக்கு வரும் சில நாட்களுக்கு முன், 2008 செப்டம்பர் இறுதியில், உச்ச நீதிமன்றம் தடைவிதிக்க மறுத்தது. திரைப்படங்களில் புகைபிடிக்கும் காட்சிகளை விலக்கிய 2005ஆம் ஆண்டு அறிவிப்பை இயக்குநர் மகேஷ் பட் எதிர்த்தார். டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் அவர் பக்கம் நின்றது. அங்கே காக்கப்பட்டது படைப்பாளியின் கருத்துரிமை. நிஜத்தில் புகைப்பவரின் உரிமை அன்று.

மெல்லும் புகையிலையும் அதிகார எல்லையும்

மெல்லும் புகையிலை மீதான தடையில்தான் எதிர்ப்பு உண்மையில் வென்றது. 2001 நவம்பரில் தமிழ்நாடு அரசு உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் குட்கா, மெல்லும் புகையிலை முதலியவற்றுக்கு ஐந்தாண்டுத் தடை விதித்தது. வேறு சில மாநிலங்களும் இதைச் செய்தன. உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கில் 2004 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இப்படித் தடைசெய்யும் அதிகாரம் மாநில உணவு அதிகாரிக்கு இல்லை என்று கூறி அவற்றை நீக்கியது. 2013 மே மாதத்தில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தமிழ்நாடு மீண்டும் தடைசெய்து, ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்தது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ஓராண்டுக்கு மேற்படாத தற்காலிகத் தடைக்கு மட்டுமே இடம் தரும் பிரிவைக் கொண்டு நிரந்தரத் தடையை உண்டாக்க முடியாது என்று அறிவிப்பை நீக்கியது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. இரு வழக்குகளிலும் ஆய்வுக்கு வந்தது அதிகாரியின் வரம்பு. வெற்றிலையோடு ஒரு துண்டுப் புகையிலை சேர்த்துக்கொள்ளும் நடவுப் பெண்ணுக்கு அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டா என்ற கேள்வி தீர்ப்புகளின் மையத்துக்கு வரவேயில்லை.

எதிர்ப்பின் தராசு

எதிர்ப்பாளர் வாதங்களில் சில எளிதாகத் தள்ளத்தக்கவை அல்ல. முப்பது அறைகள் கொண்ட தங்கும் விடுதியும், முப்பது பேர் அமரும் உணவகமும், விமான நிலையமும் புகைபிடிக்கத் தனியிடம் அமைத்துக்கொள்ள 2003ஆம் ஆண்டுச் சட்டமே அனுமதித்தது. இரண்டு பெஞ்சு போட்ட தேநீர்க் கடைக்கு அந்த வாய்ப்பு இல்லை. தஞ்சாவூரில் நட்சத்திர விடுதியில் தங்குபவர் அறைக்குள் நிம்மதியாகச் செய்வதை, பேருந்துக்குக் காத்திருக்கும் கூலித் தொழிலாளி செய்தால் தண்டம் கட்ட வேண்டும். டாஸ்மாக் கடையைத் தானே நடத்தும் அரசு பீடியைக் கண்டிக்கும்போது அதன் நோக்கத்தில் ஐயம் எழுவதும் இயல்பு. சட்டத்தில் ஒரு விளக்கம், விதியில் வேறொரு விளக்கம் என்று திறந்தவெளி சுருங்கிக்கொண்டே வருவதும் கவனிக்க வேண்டியது.

ஆனால் இவ்வாதங்கள் சமமின்மையைக் காட்டுகின்றனவேயன்றி, புகையால் தீங்கில்லை என்று காட்டவில்லை. சம்மதம் பெற்றுப் புகைக்கலாம் என்ற 1890ஆம் ஆண்டின் கொள்கைக்குத் திரும்பலாம் என்போரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பண்ணையாளிடம் மிராசுதாரும், தேநீர்க் கடைப் பையனிடம் வாடிக்கையாளரும் சம்மதம் கேட்பதில்லை, கேட்டாலும் மறுக்கும் நிலையில் அவர்கள் இருப்பதில்லை. சமமானவர்களிடையே மட்டுமே சம்மதம் உண்மையாகிறது. சமமற்ற இடத்தில் அரசின் தடை வலியவரைவிட எளியவருக்கே பாதுகாப்பாகிறது. அதே தடை எளியவரிடம் மட்டும் தண்டம் வசூலித்தால் அந்த நியாயத்தை இழந்துவிடுகிறது. படுகையின் அனுபவம் தடை வேண்டும் அல்லது வேண்டாம் என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லவில்லை. விடுதிக்கு ஒரு விதி, பெஞ்சுக்கு ஒரு விதி என்ற பிரிவினை நீங்காதவரை எந்தத் தடையும் முழு மதிப்பைப் பெறாது என்பதைத்தான் காட்டுகிறது.

புகைப்பவர் நீதிமன்றம் வராதது ஏன் என்ற கேள்விக்கு விடையும் இங்கேயே இருக்கிறது. இருநூறு ரூபாய்த் தண்டத்துக்காக வழக்கறிஞரை நாடுவதைவிட, சட்டம் எட்டாத வரப்புக்கு நான்கடி நடப்பது அவருக்கு எளிது. கள் இறக்கும் மரமேறிகளுக்கோ அப்படி ஒதுங்க இடமில்லை. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை நீடிப்பதால், அவர்களின் எதிர்ப்பு அமைப்பாகத் திரண்டு வேறு வழியில் சென்றது. அதை அடுத்த பகுதி விளக்கும்.